கெட்ட சாலைக்கு வந்த மவுசு

பிரான்சின் வடக்கு மூலையில் ஒரு சங்கம் இருக்கிறது. 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்று பெயர். உறுப்பினர்கள் தன்னார்வலர்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போகிற வண்டிப்பாதைகளில் இறங்கிவிடுவார்கள். பெயர்ந்து கிடக்கும் கருங்கற்களைப் பிடுங்கி, அடியில் மணல் நிரப்பி, மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிப்பார்கள். அந்த வட்டாரத்துத் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் கூடவே வந்து கைகொடுப்பார்கள். சாலை நன்றாக வேண்டுமென்றால் இவ்வளவு பாடே வேண்டாம், தார் லாரி ஒன்றைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். இவர்களுக்கு வேண்டியது வேறு. சாலை கெட்டே இருக்க வேண்டும். ஆனால் ஆளைக் காவு வாங்கும் அளவுக்குக் கெட்டுவிடக் கூடாது. அந்தப் பதத்தில் ஒரு சாலையை வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை.

இத்தனையும் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் வந்துபோகும் ஒரு சைக்கிள் பந்தயத்துக்காக.

சைக்கிள் பந்தயம் என்றால் நம்மில் பலருக்கும் டூர் த பிரான்ஸ்தான் தெரியும். மூன்று வாரம், ஆல்ப்ஸ் மலை, மஞ்சள் சட்டை, நாள்தோறும் நேரத்தைக் கூட்டிக் கழிக்கிற கணக்கு. இன்றைக்குக் கோட்டை விட்டால் நாளைக்கு ஏதாவது செய்து பிடித்துக்கொள்ளலாம். ஒற்றை நாள் பந்தயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் எல்லாம். இந்த வகையில் ஐந்து பழம்பெரும் பந்தயங்களை 'மான்யுமென்ட்' என்று தனியாக மரியாதை கொடுத்து அழைக்கிறார்கள். மிலான்–சான் ரெமோ, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ், இல் லொம்பார்தியா. ஐந்துமே பெரியவைதான். ஆனால் நான் வருஷம் தவறாமல் உட்கார்ந்து பார்ப்பது மூன்றாவதை மட்டும். காரணம் அந்தச் சாலைதான். வென்றவர் பெயர்கூட எனக்குச் சில வருஷங்களில் மறந்துபோகும், எந்தக் கல்பாதையில் யார் விழுந்தார் என்பது மறக்காது.

பெயரில் பாரிஸ் இருந்தாலும் பந்தயம் பாரிஸில் தொடங்குவது இல்லை. 1977 முதல் அதற்கு வடக்கே கோம்பியேன் என்ற ஊரில்தான் கொடி அசைக்கிறார்கள். மொத்தம் 260 கிலோமீட்டரை ஒட்டி. அதில் ஏறத்தாழ முதல் 100 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு, மீதியில் முப்பது துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் கல் பாவிய பாதைகள். அந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்தால் சுமார் 55 கிலோமீட்டர் வரும். துண்டுகளுக்கு எண் கொடுப்பது தலைகீழாக. முதலில் வருவது முப்பது என்றால் அடுத்தது இருபத்தொன்பது, இப்படி இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் உண்டு. ஐந்து நட்சத்திரம் என்றால் ஆடம்பரம் இல்லை, அதிகபட்ச அடி. ஆரன்பெர்க் காடு, மோன்ஸ்-அன்-பெவேல், கார்ஃபூர் த லார்ப்ர, இந்த மூன்றுக்கும் அந்த மரியாதை.

மலை கிடையாது. வழி முழுவதும் ஏறக்குறைய சமதரை. அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள்.

கல் பாவிய பாதை என்றதும் நம் கோயில் பிராகாரத்துக் கல்தளம் கண்ணில் வந்தால் அதை உடனே அழித்துவிடுங்கள். இது சர்க்கரை பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற நிலத்துக்கு நடுவே மாட்டுவண்டி, குதிரைவண்டிக் காலத்தில் போட்ட பாதை. கற்களின் மேல்பக்கம் தேய்ந்து உருண்டிருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் விரல் நுழைகிற சந்து. டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் அமுங்கி, நடுவில் மட்டும் ஒரு முதுகு எழும்பி நிற்கும். வெயில் காய்ந்தால் வெள்ளைப் புழுதி, மழை பெய்தால் சேறு. இதன் மேல் சைக்கிளை மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். வேகமாகப் போனால்தான் கல்லின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்க முடியும். அதனால் பயத்தில் பிரேக் பிடிக்கிறவருக்குத்தான் அதிக அடி. கையை இறுக்கிப் பிடித்தாலும் தப்பு. ஹேண்டில்பாரின் மேல்பாகத்தில் கையைத் தளர்வாக வைத்து, பெரிய கியரில் போட்டு, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, சைக்கிள் தன் இஷ்டத்துக்குத் துள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஐந்தரை மணி நேரம் இதைச் செய்து முடித்தவர்களின் உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும், தோல் உரிந்து கொப்புளமாகக் கிடக்கும்.

ஒருமுறை என் அம்மா கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, பக்கத்துலயே மண்பாதை சமமா போகுதே, அதுல போனா என்ன?"

"போறாங்கம்மா, நல்லாப் பாருங்க. இடம் கிடைச்சா அதுலதான் போறாங்க."

"அப்ப எல்லாரும் அதுல போக வேண்டியதுதானே?"

"எல்லாருக்கும் இடம் இல்லையே. ஓரத்துல கண்ணாடி, ஆணி, சரளைக்கல்லு எல்லாம் கிடக்கும். பஞ்சர் ஆயிடும்."

"பஞ்சர் ஆனா?"

அதுதான் இந்தப் பந்தயத்தின் பாதிக் கதை. டீம் கார் பின்னால் எங்கோ புழுதியில் மாட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு அணியும் கல்பாதைகளின் ஓரத்திலும் முடிவிலும் ஆட்களை நிற்க வைக்கிறது. மசாஜ் செய்கிறவர், மெக்கானிக், சமயத்தில் வீரரின் மாமனார்கூட ஆளுக்கு இரண்டு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சரியான சட்டையைக் கூட்டத்தில் அடையாளம் கண்டு சக்கரத்தை நீட்ட வேண்டும். சக்கரத்தோடு ஆள் நிற்கிற இடத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னால் பஞ்சர் ஆனால், வெறும் ரிம்மில் தடதடவென்று வந்து சேர வேண்டியதுதான்.

அம்மா கடைசிவரை பார்த்தார். "பாவம் புள்ளைங்க" என்று எழுந்துபோனார். வென்ற பையனையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்பதில் வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ரூபே அந்தக் காலத்தில் நூற்பாலை ஊர். கம்பளி நெசவில் பெயர் பெற்றது. தியோடோர் வியென், மோரிஸ் பெரேஸ் என்று இரண்டு ஆலை முதலாளிகள் ஊரில் ஒரு சைக்கிள் அரங்கம் கட்டினார்கள். கட்டியதற்குக் கூட்டம் வர வேண்டுமே. பாரிஸில் கிளம்பி தங்கள் அரங்கத்தில் வந்து முடிகிற மாதிரி ஒரு பந்தயம் வைக்கலாமா என்று 'லெ வெலோ' பத்திரிகைக்கு எழுதினார்கள். அந்தப் பத்திரிகை அப்போது நடத்திவந்த போர்தோ–பாரிஸ் பந்தயத்துக்கு இது ஒரு பயிற்சி ஓட்டமாக இருக்கட்டுமே என்பதும் அவர்கள் வாதம். வழியைப் பார்த்துவர விக்டோர் பிரெயேர் என்ற நிருபரை அனுப்பினார்கள். பாதி தூரம் காரில், மீதி சைக்கிளில். மழையில் நனைந்து சேறு அப்பி ரூபே வந்து சேர்ந்த மனிதர், இந்தத் திட்டமே வேண்டாம் என்று தந்தி அடிக்க இருந்ததாகவும், ராத்திரி நல்ல விருந்து கிடைத்த பிறகு மனம் மாறியதாகவும் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு மயங்காத பத்திரிகைக்காரராக இருந்திருந்தால் இன்று எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

1896 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. முதல் பந்தயத்தை வென்றவர் யோசஃப் ஃபிஷர், ஜெர்மானியர். மூன்றாவதாக வந்த மோரிஸ் காரான் உள்ளூர்வாசி. இத்தாலியில் பிறந்தவர், புகைபோக்கி சுத்தம் செய்கிற தொழில் பார்த்தவர். அடுத்த இரண்டு வருஷமும் அவரே வென்றார். 1903இல் முதல் டூர் த பிரான்ஸை வென்றவரும் அவர்தான்.

இந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பெயர் உண்டு. கல்லும் சேறும் சேர்ந்து அந்தப் பெயரைக் கொடுத்திருக்கும் என்று நானும் முதலில் எடுத்துக்கொண்டிருந்தேன், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பெயர் வந்தது 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு. பந்தயத்தை மறுபடி நடத்த முடியுமா என்று வழியைப் பார்க்கப் பத்திரிகையாளர்கள் வடக்கே போனார்கள். போகப் போக ஊர்களே இல்லை. மரங்கள் அடியோடு மொட்டை. குண்டு விழுந்த குழிகள், முள்கம்பி, சிலுவைகள், அழுகல் நாற்றம். அவர்கள் எழுதிய சொல் அந்த நிலத்தைப் பற்றியது. பந்தயத்தை ஏற்கெனவே வென்றவர்களில் இரண்டு பேர் அந்தப் போரில் இறந்திருந்தார்கள். 1909 முதல் 1911 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற ஒக்தாவ் லப்பீஸ் போர் விமானியாகப் போய் 1917இல் சுட்டு வீழ்த்தப்பட்டார். 1913இல் வென்ற லக்ஸம்பர்க்காரர் ஃபிரான்சுவா ஃபாபேர் 1915 மே மாதம் ஆராஸ் நகருக்கு அருகே நடந்த சண்டையில் இறந்தார். பந்தயம் போகும் வடக்கு மண்தான் அதுவும். இவ்வளவுக்குப் பிறகும் 1919 ஏப்ரலில் பந்தயத்தை நடத்தினார்கள். ஆன்ரி பெலிசியே வென்றார். 12 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பாதை அப்படி.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சாலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. குண்டு எதுவும் போடவில்லை, தார்தான் போட்டார்கள். டிராக்டர் வந்தது, கார் வந்தது, எந்த ஊரும் நல்ல ரோடு கேட்கத்தானே செய்யும். அதோடு தொலைக்காட்சியும் வந்துவிட்டது. பந்தயத்தன்று நாடு முழுக்கத் தங்கள் ஊரைக் குண்டும் குழியுமாகப் பார்ப்பது சில மேயர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பந்தயம் வருகிறது என்றால் அதற்கு முன் தார் போட்டுவிடு என்ற நிலைமை. 1965 வாக்கில் வழியில் கல்பாதை 22 கிலோமீட்டர்தான் மிஞ்சியது. பாரிஸ்–ரூபே எல்லாப் பந்தயமும் போல ஒரு தட்டையான, நீளமான பந்தயமாக ஆகிக்கொண்டிருந்தது.

பந்தய அமைப்பாளர்களுக்குத் திக்கென்றது. கெட்ட சாலை எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடி ஆள் அனுப்பினார்கள். பழைய வீரரான அல்பேர் பூவே அந்தத் தேடலை எடுத்துக்கொண்டார். அவர் உதவி கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி, 1962 உலக சாம்பியன். போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயதில் ஆரன்பெர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் காட்டிக் கொடுத்ததுதான் அந்தக் காட்டு வழி. சுமார் 2.3 கிலோமீட்டர், கோடு கிழித்த மாதிரி நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் மரம், வெயில் படாததால் பாசி பிடித்த கல். அதற்கு அடியில்தான் அவர் வேலை செய்த சுரங்கம் ஓடியது. 1968இல் பந்தயம் முதல்முறையாக அந்தக் காட்டுக்குள் நுழைந்தது. அந்த வருஷம் வென்றவர் எடி மெர்க்ஸ். இன்று காட்டின் முகப்பில் ஸ்டாப்ளின்ஸ்கிக்கு ஒரு நினைவுக் கல் நிற்கிறது.

அதற்குப் பிறகு கதை அப்படியே திரும்பிவிட்டது. மறைக்க வேண்டிய சாலை காட்ட வேண்டிய சாலையாகிவிட்டது. ஊராட்சிகள் தங்கள் கல்பாதையையும் வழியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கின்றன. வென்றவருக்குக் கோப்பை கிடையாது. 1977 முதல் பீடத்தில் வைத்த ஒரு பாவுகல்லைத்தான் பரிசாகத் தருகிறார்கள். ரசிகர்கள் ஞாபகத்துக்கென்று பாதையிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதும் உண்டு, அந்தக் குழியை அடைப்பதும் மேலே சொன்ன சங்கத்தின் தலையில்தான் விழுகிறது. இதற்கிடையே ரூபேயின் ஆலைகள் மூடிவிட்டன. பிரான்சின் ஏழை நகரங்களில் ஒன்று என்று இப்போது அதைச் சொல்கிறார்கள். ஆரன்பெர்க் சுரங்கமும் 1989இல் மூடிவிட்டது. 2012இல் அந்தச் சுரங்க வட்டாரம் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வட்டாரத்தைக் கட்டியெழுப்பிய தொழில்கள் போய்விட்டன, அந்தத் தொழில்களின் வண்டி ஓடிய கற்கள் மட்டும் ஆண்டுதோறும் உலகத் தொலைக்காட்சியில் வருகின்றன.

ஆரன்பெர்க்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடிவுக்கு இன்னும் 95 கிலோமீட்டர் இருக்கும்போது வருகிற இடம், அங்கே யாரும் வெல்வதில்லை, ஆனால் தோற்கலாம். பாதையின் அகலம் மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னால் விழுகிறவர்கள் எல்லாம் உங்கள் வழியில்தான் விழுவார்கள். அதனால் காட்டு வாசலுக்கு முன்னால் உள்ள தார் ரோட்டில் மொத்தக் கூட்டமும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் முட்டி மோதிக்கொண்டு பாயும். அந்த வேகத்தோடு போய்க் கல்லில் இறங்கும். 1998இல் பெல்ஜியத்தின் யோஹான் முசேவ் இங்கே விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, காயத்தில் மண் புகுந்து சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலைமைவரை போனது. மனிதர் பிழைத்து வந்தது மட்டுமில்லை, 2000இல் இதே பந்தயத்தைத் தனியாக வந்து வென்று, கோட்டைத் தாண்டும்போது இடதுகாலைத் தூக்கி முழங்காலை விரலால் சுட்டிக்காட்டினார். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. 2002இலும் அவரே வென்றார்.

2024இல் காட்டு வாசலுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு வளைவுத் திருப்பம் போட்டார்கள். வீரர்களின் சங்கம் கேட்டுத்தான் போட்டார்கள். ரசிகர்களிடம் ஒரே கூச்சல். வீரர்களிலேயே மாத்யூ வான் டர் பூல் இது என்ன ஜோக்கா என்று சமூக ஊடகத்தில் கேட்டார் (பந்தயத்தை வென்றதும் அவர்தான்). அடுத்த வருஷம் அந்த வளைவுகளை வேறு மாதிரி மாற்றி அமைத்தார்கள். என் கட்சி வளைவின் கட்சி. கல்லில் மணிக்கு 60இல் விழுவதற்கும் 35இல் விழுவதற்கும் எலும்புக்கு வித்தியாசம் தெரியும். நரகம் என்ற பெயரைக் காப்பாற்ற ஒருவர் தொடை எலும்பு உடைய வேண்டும் என்று சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

அந்தக் காட்டில் இன்னொரு வேடிக்கை. கல் சந்துகளில் புல் முளைத்துவிட்டால் மழையில் வழுக்கும். மருந்து அடிக்கவும் கூடாது. அதனால் பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் ஆடுகளைக் கொண்டுவந்து மேயவிட்டார்கள். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

இந்தப் பந்தயத்தில் வலிமை உள்ளவர் வெல்வார் என்று நிச்சயம் இல்லை. அதே நேரம் நான்கு முறை வென்றவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ரோஜர் டி வ்லாமிங்க், டாம் போனன், இருவரும் பெல்ஜியம். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை வான் டர் பூல் வென்றிருக்கிறார். எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் இது எப்படி? டி வ்லாமிங்க்கும் வான் டர் பூலும் குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிற சைக்ளோகிராஸில் உலக சாம்பியன்கள். சைக்கிள் கால் நழுவும்போது பதறாத கை அங்கே கிடைக்கிற பழக்கம். 2025இல் டூர் சாம்பியன் தடேய் பொகாச்சர் முதல்முறையாக இங்கே வந்தார். வான் டர் பூலோடு தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தவர், 38 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் ஒரு திருப்பத்தில் வேகத்தைத் தப்பாகக் கணித்து விழுந்தார். இரண்டாவதாக வந்தார். முதல் தடவைக்கு அது பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்தத் திருப்பத்தில் தெரிந்தது பலத்தின் குறை இல்லை, பழக்கத்தின் குறை.

இதை வெறுத்தவர்களும் உண்டு. பெர்னார் இனோ, ஐந்து முறை டூர் வென்றவர், இந்தப் பந்தயத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவார். 1981இல் உலக சாம்பியன் சட்டையோடு வந்தார். பல முறை விழுந்தார். கார்ஃபூர் த லார்ப்ரவுக்குப் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்து அவரைத் தள்ளிவிட்டது. எழுந்து ஓட்டி, டி வ்லாமிங்க்கையும் மோசர் என்ற இன்னொரு வீரரையும் கடைசி ஓட்டத்தில் தோற்கடித்து வென்றார். அப்புறமும் திட்டினார். வென்ற பிறகும் கருத்தை மாற்றிக்கொள்ளாத மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

முடிவு ரூபே வெலோட்ரோமில். திறந்தவெளி கான்கிரீட் வட்டம், சாதாரணமான பழைய அரங்கம். வீரர்கள் உள்ளே நுழைந்து ஒன்றரைச் சுற்று வந்து முடிக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு வந்தும் உள்ளே போகிற வாசலில்கூட வினை காத்திருக்கும். 1949இல் முன்னணியில் வந்த ஆந்த்ரே மாயேவின் குழுவை வழிகாட்ட நின்றவர் தப்பான பக்கம் திருப்பிவிட்டார். அவர்கள் அரங்கத்தைச் சுற்றி வந்து வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். மாயே ஜெயித்தார். ஆனால் பின்னால் சரியான வழியில் வந்த கூட்டத்தில் முதலாவதாக வந்த செர்சே கோப்பி, மாபெரும் வீரர் ஃபௌஸ்தோ கோப்பியின் தம்பி, முறையிட்டார். பல மாதம் இழுத்தடித்து, நவம்பரில் இரண்டு பேருமே வெற்றியாளர்கள் என்று தீர்ப்பானது. செர்சேவுக்கு அதுதான் பெரிய வெற்றி. 1951இல் ஒரு பந்தயத்தின்போது விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார்.

1993இல் ஃபிராங்கோ பல்லெரினி கையை உயர்த்திக் கொண்டாடிவிட்டார். புகைப்படத்தைப் பார்த்தால் சக்கரம் சில சென்டிமீட்டர் பின்னால். வென்றவர் கில்பேர் டுக்லோ-லசால், வயது 38. முந்தின வருஷமும் அவர்தான். அந்த இரண்டு முறையும் மலைச் சைக்கிளில் வருகிற ஸ்பிரிங் ஃபோர்க்கை முன்னால் மாட்டிக்கொண்டு வந்தார். அப்போது அதுதான் வருங்காலம் என்றார்கள். சில வருஷத்தில் எல்லாரும் கழற்றிவிட்டார்கள். எடை அதிகம், உழைப்பு வீண். கல்லுக்கு நிஜமான மாற்று மருந்து கடைசியில் டயரிலிருந்துதான் வந்தது. முன்பு 25 மில்லிமீட்டரில் ஓட்டியவர்கள் இப்போது 30, 32 என்று அகலமான டியூப்லெஸ் போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். 2024இல் சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர், அதுவரை கண்ட வேகத்தில் உச்சம் அது. கல் அதே கல்தான். பல்லெரினி விட்டதை 1995இலும் 1998இலும் வந்து எடுத்துக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்த வெற்றி 2016. ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹேமன், வயது 37, காலமெல்லாம் மற்றவர்களுக்காக உழைத்த வீரர். பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு கை எலும்பு முறிந்தது. வெளியில் ஓட்ட முடியாது. வீட்டு கராஜில் நிலையாக நிறுத்திய சைக்கிளில், திரையைப் பார்த்து மிதித்துப் பயிற்சி எடுத்தார். அது அவருக்கு 15ஆவது பாரிஸ்–ரூபே. காலையிலேயே ஓடிப்போன குழுவோடு ஒட்டிக்கொண்டார், பெரிய ஆட்கள் பின்னால் வந்து பிடித்தபோதும் விட்டுப்போகவில்லை. அரங்கத்தில் ஐந்து பேர். அதில் ஐந்தாவது வெற்றிக்கு வந்திருந்த போனனும் ஒருவர். ஹேமன் வென்றார். கோட்டைத் தாண்டிய பிறகு அவர் முகத்தைப் பாருங்கள், நம்பவே இல்லை.

பெண்களுக்கு இந்தக் கற்களைத் தர 125 வருஷம் ஆனது. பெண்கள் பந்தயம் முதல்முறை நடந்தது 2021 அக்டோபர் 2. கொரோனா காரணமாக ஏப்ரலிலிருந்து தள்ளிப்போயிருந்தது. தெனான் ஊரில் கிளம்பி 116 கிலோமீட்டர். பிரிட்டனின் லிஸி டெய்க்னன் முதல் கல்பாதைக்கு முன்பே முன்னால் போய்விட்டார். 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக. கையுறை போடவில்லை. முடித்தபோது ஹேண்டில்பார் டேப்பில் ரத்தம். அவருக்குக் கிடைத்த பரிசுத் தொகை 1,535 யூரோ. மறுநாள் ஆண்கள் பந்தயத்தை வென்றவருக்கு 30,000. அந்த வித்தியாசத்துக்கு எந்தக் கல்லின் மீதும் பழி போட முடியாது. அவருடைய அணி தன் கையிலிருந்து போட்டு அதைச் சமப்படுத்தியது.

மறுநாள் மழை. 2002க்குப் பிறகு முதல் ஈரமான பாரிஸ்–ரூபே. முகம் யார் முகம் என்று தெரியாத அளவுக்குச் சேறு. வர்ணனையாளர்களே சட்டை நிறத்தை வைத்துத் தடுமாறினார்கள். முதல் மூன்று இடம் பிடித்த சோனி கோல்பிரெல்லி, ஃப்ளோரியன் வெர்மீர்ஷ், வான் டர் பூல் மூன்று பேருக்குமே அது முதல் பாரிஸ்–ரூபே. கோல்பிரெல்லி வென்று, தரையில் விழுந்து கத்திய கத்தலை யூடியூபில் தேடிப் பாருங்கள்.

வெலோட்ரோமுக்குப் பக்கத்தில் பழைய குளியலறை ஒன்று இருக்கிறது. கான்கிரீட் தடுப்புகள், இழுத்தால் தண்ணீர் கொட்டும் சங்கிலி. ஒவ்வொரு தடுப்பிலும் பழைய வெற்றியாளர் ஒருவரின் பெயர் பித்தளைத் தகட்டில். இப்போது அணிகளுக்கு வசதியான பஸ் இருப்பதால் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. போகிற சிலர் மெர்க்ஸ் பெயருக்குக் கீழே நின்று குளித்துவிட்டு வருகிறார்கள்.

அடுத்த ஏப்ரலில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மூன்று மணி நேரம் பார்க்காவிட்டால் குடி முழுகாது. ஆரன்பெர்க்குக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்துகொள்ளுங்கள், நம் நேரப்படி சாயங்காலம் ஆறு, ஆறரை வாக்கில் வரும். தலைமையில் போகிறவரை மட்டும் பார்க்காதீர்கள், ஐந்தாவது ஆறாவது ஆளின் சக்கரத்தைப் பாருங்கள், பஞ்சர் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். மோன்ஸ்-அன்-பெவேல் தாண்டி எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம். கார்ஃபூர் வரும்போது எழுந்திருக்கவே கூடாது. முதல் நாள் ராத்திரி ரூபே பக்கத்து வானிலையைப் பாருங்கள். மழை என்று போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சமையலை மதியமே முடித்துவிடுங்கள், வருகிறேன் என்று சொன்ன விருந்தாளியைச் சனிக்கிழமையே வந்துபோகச் சொல்லிவிடுங்கள்.